சூடம் அணைச்ச கை

கேட்டைச் சாத்திட்டு வா தாயி. அப்படி இல்ல, கொண்டியை நல்லா இழுத்து மாட்டு. மாடு வந்துரும், அதுக்குத்தான். ஆங், அம்புட்டுதான். இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. என்னால எந்திரிக்க முடியாது, காலைப் பாத்தியில்ல. சேர்மனம்மா ஆறாவது வார்டுல சாக்கடை அடைச்சுக் கெடக்குன்னு பாக்கப் போயிருக்கா. வர நேரமாகும். தண்ணி வேணும்னா அந்தப் பானையில மோந்து குடி.

கையில என்ன கட்டு? வண்டியில விழுந்துட்டியாக்கும். சரி, சொல்ல வேணாம். இங்க வர்ற பொம்பளைக எவளும் எங்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல, எல்லாம் அவகிட்டதான். நான் அவ வீட்டுக்காரன், சோலைமலை. பேரு கேள்விப்பட்டிருப்பியே. இந்தச் செம்மலைப்பட்டியில சோலைமலை வர்றான்னா டீக்கடையில பேச்சு நிக்கும். அப்படி இருந்தவன் தாயி நான்.

ஊருக்குள்ள இப்ப என்ன பேசிக்கிறாய்ங்கன்னு எனக்குத் தெரியும். பஞ்சவர்ணம் கெட்டிக்காரி, பஞ்சவர்ணம் தனியா நின்னு ஜெயிச்சுட்டா, பஞ்சவர்ணம் அப்படி, பஞ்சவர்ணம் இப்படி. அவளை நிறுத்துனது யாரு? ஜெயிக்க வச்சது யாரு? அந்தக் கதையை ஒரு பயலும் பேச மாட்டேங்கிறான். எனக்கு அதுதான் வயித்தெரிச்சல். நீ வெளியூரு மாதிரி தெரியுற. ஓஹோ, மூணாவது வார்டா, கட்டிக் குடுத்து வந்தவளா. அப்ப நீயாவது முழுசாக் கேளு.

எலக்சன்ல நானே நிக்கிறதாத்தான் இருந்துச்சு. ஒம்பதாவது வார்டு எனக்குன்னு பல வருசமாப் பேசி வச்சிருந்தது. அந்த நேரம் பாத்து எங்க வார்டைப் பொம்பளை வார்டு ஆக்கிப்புட்டாய்ங்க. எங்க வார்டு மட்டுமா, மொத்தம் பதினஞ்சுல எட்டு பொம்பளைக்குன்னு ஆயிருச்சு. சேர்மன் நாற்காலியும் பொம்பளைக்குத்தான்னுட்டாய்ங்க. அதனால என்ன மாறப் போகுது சொல்லு. பொண்டாட்டியை நிறுத்த வேண்டியது, கையெழுத்தை அவ போட வேண்டியது, நாற்காலியில நம்ம உக்கார வேண்டியது. எல்லா ஊர்லயும் நடக்குறதுதானே.

நம்ம ஊர்ல ரெண்டு கோஷ்டி. ஒண்ணு ரைஸ் மில்லுக்காரர், இன்னொண்ணு கல்குவாரிக்காரர். ரெண்டு பேருக்கும் நான் ஒழைச்சிருக்கேன். மில்லுக்காரருக்காக ஒருத்தன் கையை ஒடிச்சிருக்கேன், குவாரிக்காரருக்காக ஒரு கடையைக் கொளுத்தியிருக்கேன். ஆனா சீட்டுன்னு போய் நின்னா ரெண்டு பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னாய்ங்க. சோலைமலை அடிதடிக்கு ஆவான், சபைக்கு ஆக மாட்டானாம். எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. நேரா வீட்டுக்கு வந்தேன், இவளைக் கூட்டிட்டுப் போய் சுயேச்சையா மனுத்தாக்கல் பண்ண வச்சேன்.

அவ ஜாக்கெட் தைக்கிறவ. அந்தா, திரை தொங்குதே, அந்த ரூமுதான். நான் நிக்க மாட்டேன், எனக்குத் தையலே போதும்னா. ரெண்டு தட்டு தட்டினேன், வந்துட்டா. அதையெல்லாம் அடின்னு சொல்லக் கூடாது. சின்னமும் தையல் மிஷினே கெடைச்சுச்சு. போஸ்டர்ல என் படத்தைப் பெருசாப் போட்டு, ஓரமா அவ படத்தைப் போட்டேன். வார்டுல வீடு வீடா நான்தான் போனேன். ஓட்டு விழலைன்னா என்ன ஆகும்னு வாயால சொல்லலை. ஒரு வீட்டுல சைக்கிளை மிதிச்சேன், ஒரு வீட்டுல தண்ணிக் குடத்தை உதைச்சேன். அவய்ங்களுக்குப் புரிஞ்சிருச்சு.

இவ என்ன பண்ணினா தெரியுமா? ஒண்ணுமே பண்ணல. எப்பவும் போல அளவெடுத்துக்கிட்டும் தைச்சுக்கிட்டும் இருந்தா. பொம்பளைக அந்தத் திரைக்குள்ள போனா வெளிய வர அரை மணி நேரம் ஆகும். ஒரு ஜாக்கெட்டுக்கு அப்படி என்னத்த அளப்பாளோ. சில பேரு கண்ணைத் தொடச்சுக்கிட்டு வெளிய வருவாளுக. சீரியல் கதை பேசியிருப்பாளுக போல. ஓட்டு எண்ணினா ரெண்டு கோஷ்டி ஆளும் டெபாசிட் காலி. சோலைமலைன்னா எம்புட்டுப் பயம் பாரு.

ஓட்டு எண்ணினது ஹைஸ்கூல்ல. மத்தியானம் மைக்குல கடைசி வார்டைச் சொன்னதும் கூட்டம் அப்படியே அமைதியாயிருச்சு. எல்லாரும் விரலை மடக்கிக் கூட்டுறாய்ங்க. மில்லுக்காரருக்கு ஏழு. குவாரிக்காரருக்கு ஏழு. சுயேச்சை ஒண்ணு. கவுன்சிலருக எல்லாம் ஓட்டுப் போட்டுத்தான் சேர்மனைத் தேர்ந்தெடுக்கணும். எட்டு ஓட்டு இருந்தாத்தான் நாற்காலி. ரெண்டு பேருக்குமே ஒண்ணு கொறையுது. அந்த ஒண்ணு நான்.

அந்த அமைதி ரொம்ப நேரம் நிக்கல. எவன் மொதல்ல கை வச்சான்னு தெரியாது, கொடிக்கம்பு ரெண்டாப் பொளந்துச்சு. ஸ்கூல் பெஞ்சைத் தூக்கி அடிக்கிறாய்ங்க. ஒருத்தன் மூஞ்சி பூராம் ரத்தம், அவன் அதைத் தொடச்சுத் தொடச்சுப் பாக்குறான், எங்கேயிருந்து வருதுன்னே அவனுக்குத் தெரியல. நான் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து எதுத்தாப்புல வந்தவன் தோள்ல போட்டேன். எந்தக் கோஷ்டின்னு பாக்கல. பொய் சொல்லக் கூடாது தாயி, அன்னைக்கு நான் சந்தோசமா இருந்தேன். போலீஸ் தடியடி பண்ணினப்ப கூட சிரிச்சுக்கிட்டே ஓடினேன்.

மொதல்ல வந்தது குவாரிக்காரர். மறுநாள் விடியக்காலம் வேனோட வந்து வாசல்ல நிக்கிறாரு. அவரு வீட்டம்மா ராமத்தாயைத்தான் சேர்மன் ஆக்கணும், நம்ம ஓட்டு குடுத்தா வைஸ் சேர்மன் நமக்குன்னாரு. இம்மாதிரி யாருக்கும் மெஜாரிட்டி வராத ஊர்ல கவுன்சிலருகளை மொத்தமா வேன்ல ஏத்திட்டுப் போய் ஓட்டுப்போடுற நாள் வரைக்கும் அடைச்சு வச்சிருப்பாய்ங்க. டூருன்னு பேரு. போனைப் பிடுங்கிருவாய்ங்க. மத்தபடி கறிச்சோறு, சரக்கு, சீட்டுக்கட்டு, ஒரு கொறையும் இருக்காது.

போற வழியில கருப்பசாமி கோயில்ல வேனை நிறுத்துனாரு. சத்தியம் வாங்காம டூர் போக முடியாதுல்ல. உள்ளங்கையில சூடத்தை ஏத்தி, எரியுறப்பவே அடிச்சு அணைக்கணும். அணைச்சவன் பேச்சு மாறினா குலம் வெளங்காது. ஆம்பளைக் கவுன்சிலர் மூணு பேரு அணைச்சாய்ங்க. பொம்பளைக் கவுன்சிலருகளுக்கு அவளுக புருசன்மாருக அணைச்சாய்ங்க. பூசாரிக் கெழவன்தான், பொம்பளைக கை வைக்க வேணாமான்னு கேட்டான். குவாரிக்காரரு சிரிச்சுட்டாரு. வீட்டுக்காரன் அணைச்சா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான்னாரு. நியாயம்தானே. அவளுக எல்லாம் வேன் நெழல்ல செருப்புகளைக் காத்துக்கிட்டு நின்னாளுக. நான் இவளுக்கும் சேர்த்து அடிச்சு அணைச்சேன். இந்தா, உள்ளங்கையில தழும்பு இன்னும் இருக்கு பாரு.

மலைப்பாதையில வேன் ஏறுது. இவ சும்மா வர வேண்டியதுதானே. எல்லார் முன்னாடியும் மெதுவாச் சொல்றா.

"நான் சத்தியம் பண்ணல. யாருக்குப் போடணும்னு எங்கிட்ட ஒருத்தரும் கேக்கவும் இல்ல."

நான் என்ன பண்ணுவேன் சொல்லு. வேன் பூராம் ஆம்பளைக உக்காந்திருக்காய்ங்க. கையைப் பிடிச்சு ஒரு முறுக்கு முறுக்கினேன். நான் கொஞ்சமாத்தான் முறுக்கினேன், வேன் வளைவுல திரும்பிருச்சு, சடக்குன்னு ஒரு சத்தம். டிரைவரு கூடத் திரும்பிப் பாத்தான். அவ கத்தல. உதட்டைக் கடிச்சுக்கிட்டா, அம்புட்டுதான். குவாரிக்காரரு என் முதுகுல தட்டி, இவன்தாண்டா ஆம்பளைன்னு சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சாய்ங்க. ராமத்தாயி மட்டும் சன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. மலையை வேடிக்கை பாத்திருக்கும்.

லாட்ஜுல பொம்பளைகளுக்கு ஒரு ஹால், எங்களுக்கு ஒரு ஹால். நாங்க சீட்டு ஆடிக்கிட்டிருந்தோம். சிகரெட் எடுக்க எந்திரிச்சப்ப கதவு சந்துல பாத்தேன், இவ கையில மூங்கில் தப்பை வச்சு ராமத்தாயி துணி சுத்திக்கிட்டிருக்கு. எம்புட்டுப் பெரிய வீட்டுப் பொம்பளை, தரையில உக்காந்து கட்டுப் போடுது. அது எப்பவும் முழுக்கை ஜாக்கெட்தான் போடும். சித்திரை வெயில்லயும் மணிக்கட்டு வரைக்கும் இருக்கும். இவதான் தைச்சுக் குடுப்பா. பெரிய எடத்து நாகரிகம்னு நெனைச்சுக்குவேன். அன்னைக்குக் கட்டுப் போடுறப்ப ஜாக்கெட் கையைச் சுருட்டி விட்டிருந்துச்சு. முழங்கைக்கு மேல வரி வரியாக் கருப்பா என்னமோ இருந்துச்சு. மருதாணி போட்டு அழிஞ்சிருக்கும். மத்தவளுக சுத்தி உக்காந்து பாத்துக்கிட்டிருக்காளுக. நான் இருமினேன், எல்லாரும் பேச்சை நிறுத்திட்டாளுக.

சமையல்காரன் மில்லுக்காரரு ஆளு. மறுநாள் எனக்குக் கொழம்பு ஊத்துறப்ப காதுல சொல்றான், அங்க வந்தா வைஸ் சேர்மனோட சேர்த்து வாரச்சந்தைக் குத்தகையும் உங்களுக்குத்தான்னு. யோசிச்சுப் பாரு. சந்தை நம்ம கைக்கு வந்தா ஊரே நம்மகிட்ட வந்து நிக்கணும். எல்லாரும் அருவி பாக்கப் போன நேரத்துல இவளை எழுப்பிக் கூட்டிட்டுக் கெளம்பினேன். வாட்ச்மேன் மறிச்சான். வயசாளி. ஒரே குத்து, வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டான். இவ அவன் பக்கத்துல போய் உக்காந்து, தப்பு எங்க மேலதான்யாங்கிறா. மானம் போகுதுன்னு இழுத்து மில்லுக்காரரு அனுப்பின வண்டியில போட்டேன்.

சத்தியம் என்னாச்சுன்னு கேக்குற மாதிரி பாக்குற. அது கருப்பசாமிக்குப் பண்ணினது. மில்லுக்காரரு காளியம்மன் கோயில்ல சூடம் ஏத்தச் சொன்னாரு. அது வேற சாமி. அங்கயும் அதே மாதிரிதான், நாலு ஆம்பளைக் கவுன்சிலரு அணைச்சாய்ங்க, பொம்பளைகளுக்கு வீட்டுக்காரய்ங்க அணைச்சாய்ங்க, நானும் அணைச்சேன். எந்த ஊர்லயும் சபை நடக்குறது இப்படித்தான்.

அவய்ங்க டூரு எங்கேயும் இல்ல, மில்லுக்காரரு மாந்தோப்புதான். அவரு மருமக சுகந்திதான் அங்க சேர்மனுக்கு நிக்கிறது. டிகிரி படிச்ச பிள்ளை. இவ கையைப் பாத்துட்டு நேரா எங்கிட்ட வந்து, எலும்பு ஒடிஞ்சிருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லுச்சு. எனக்குச் சொல்ல வந்துருச்சு பாரு. மில்லுக்காரரு ஒரு பார்வை பாத்தாரு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போயிருச்சு. கொஞ்ச நேரத்துல உள்ள பளார்னு ஒரு சத்தம். அதோட புருசன் கண்டிச்சிருப்பான். சாயந்தரம் பாத்தா சுகந்தியும் மத்த ரெண்டு பொம்பளைகளும் இவளை நடுவுல உக்கார வச்சு, மஞ்சப் பத்துப் போட்டுக் கட்டு மாத்திக்கிட்டு இருக்காளுக. அங்கயும் நான் போனதும் பேச்சு நின்னுருச்சு. பொம்பளைக எங்க சேர்ந்தாலும் இப்படித்தான். குசுகுசுன்னு, ஒண்ணுமில்லாததை.

பதவியேற்பு அன்னைக்குத்தான் குவாரிக்காரரு ஆளுக பாஞ்சாய்ங்க. நான் துரோகியாம். நாங்க வந்த மில்லுக்காரரு காரு பேரூராட்சி ஆபீஸ் தெருவுல திரும்புது, எதுக்கால ஒரு டிராக்டரை நிறுத்திப்புட்டாய்ங்க. முன்கண்ணாடி ஒரே அடியில சல்லடையாப் போச்சு. டிரைவரை வெளிய இழுத்து வெட்டினாய்ங்க. தடுக்கக் கையைத் தூக்கினான், ரெண்டு விரலு அப்படியே ரோட்டுல விழுந்துச்சு. அவன் கத்தின கத்தல் எனக்கு இன்னும் காதுல நிக்குது. நான் இவளைப் பின்னால இருந்து ரெண்டு தோளையும் இறுக்கிப் பிடிச்சுப் பாதுகாத்துக்கிட்டு நின்னேன். அருவாளோட ஒருத்தன் நேரா வந்துட்டான். இருபது வயசுப் பய, கண்ணு செவந்து கெடக்கு. நான் இவ தோளுக்கு மேல அவனை முறைச்சேன் பாரு ஒரு மொறை.

இவ அவனைப் பேரு சொல்லிக் கூப்பிட்டா.

"கண்ணா, உங்கம்மா உனக்காக விரதம் இருந்து, போன வாரம்தான் மஞ்சச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் குடுத்துட்டுப் போனா. இந்தக் கையோட நான் அதை எப்படித் தைப்பேன் சொல்லு."

அவன் அருவாளைத் தாழ்த்திட்டான். என் பார்வை அப்படி. ஒரு நிமிசம் நின்னான், திரும்பி ஓடியே போயிட்டான். அதுக்குள்ள போலீசும் வந்துருச்சு. இவ ரத்தத்துல கால் வச்சு நடந்து போய், அந்த விரலு ரெண்டையும் முந்தானையில எடுத்து டிரைவரை ஏத்தின ஆட்டோவுல குடுத்துட்டு, அப்புறம்தான் பதவிப்பிரமாணம் எடுக்க உள்ள போனா. சேலையெல்லாம் கறை. மாத்திட்டுப் போன்னு சொன்னேன், கேக்கல. உள்ள ரெண்டு கோஷ்டிப் பொம்பளைகளும் ஒரே ரூமுல உக்காந்திருந்தாளுக. போலீஸ் எங்களை வெளிய நிறுத்திருச்சு. அவளுக வெளிய வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு. உறுதிமொழி வாசிக்க அம்புட்டு நேரமான்னு நாங்க ஆம்பளைகள்லாம் பேசிக்கிட்டோம்.

சேர்மன் எலக்சன் அன்னைக்கு ஊர்ல ஒரு கடை தொறக்கல. ரெண்டு பக்கமும் ஆளுக, லாரியில கல்லு, சாக்குக்குள்ள என்னென்னமோ. கவுன்சிலரு தவிர எவனும் உள்ள வரக் கூடாதுன்னு இன்ஸ்பெக்டரு சொல்லிட்டாரு. நான் புருசன் சார், அதுக்குப் படிக்கத் தெரியாதுன்னேன். பள்ளிக்கூடம் போனவதான், சும்மா சொல்லிப் பாத்தேன். அவரு லத்தியால நெஞ்சுல வச்சுத் தள்ளினாரு. சரி, ஞாபகம் இருக்கட்டும்னு இவளை வேனுக்குப் பின்னால கூட்டிட்டுப் போய்க் கன்னத்துல ஒண்ணு குடுத்து, சுகந்தி பேருக்கு நேராத்தான் முத்திரை விழணும்னு சொல்லி அனுப்பினேன். வலது கை கட்டுல தொங்குது. எந்தக் கையால போடுவன்னு கேட்டேன். எடது கை இருக்குன்னா.

உள்ள மைக்கு வச்சிருந்தாய்ங்க, வெளிய வரைக்கும் கேட்டுச்சு. வேட்பாளரு சுகந்தின்னாய்ங்க, இங்க விசிலு. ராமத்தாயின்னாய்ங்க, அங்க விசிலு. மூணாவது பஞ்சவர்ணம்னாய்ங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ராமத்தாயி எந்திரிச்சு முன்மொழிஞ்சுச்சாம், சுகந்தி வழிமொழிஞ்சுச்சாம். பதட்டத்துல பேரை மாத்திச் சொல்லியிருக்கும், பாவம். மில்லுக்காரரு எனக்குத் தெரியாம ஏதோ கணக்குப் போடுறாருன்னுதான் நான் நெனைச்சேன். அவரு என்னையப் பாக்குறாரு. குவாரிக்காரரும் என்னையப் பாக்குறாரு.

அப்புறம் மைக்குல சொன்னாய்ங்க. சுகந்தி நாலு. ராமத்தாயி மூணு. பஞ்சவர்ணம் எட்டு.

ஒரு ஓட்டுக்காரிக்கு எட்டு ஓட்டு. நீயே சொல்லு, இது நடக்குமா? நான்தான் ரெண்டு பக்கமும் ஆளுகளை வெலைக்கு வாங்கி, பொண்டாட்டியைச் சேர்மன் ஆக்கிட்டேன்னு முடிவே பண்ணிட்டாய்ங்க. எனக்கு அம்புட்டு மூளை இருக்குன்னு அன்னைக்குத்தான் ஒத்துக்கிட்டாய்ங்க. மொதல் அடி மில்லுக்காரரு மகன். இரும்புக் கம்பி, முட்டியில. விழுந்துட்டேன். அப்புறம் குவாரிக்காரரு ஆளுக வந்தாய்ங்க. அவய்ங்க இவய்ங்களைத் தள்ளல, இவய்ங்க அவய்ங்களை மறிக்கல. ஒருத்தருக்கொருத்தரு எடம் விட்டு நின்னு அடிச்சாய்ங்க. அதுவரைக்கும் எதுலயும் ஒத்துப் போகாத ரெண்டு கோஷ்டியும் அந்த ஒரு காரியத்துல மட்டும் ஏகமனசா இருந்தாய்ங்க. ஒருத்தன் என் குதிகாலைப் பிடிச்சு இழுத்து நரம்புல அருவாளை வச்சு இழுத்தான். பிடிச்சிருந்தவன் என்கூட லாட்ஜுல சீட்டு ஆடினவன். தாயி, நான் அழுதேன். சொல்றதுக்கென்ன, அம்மான்னு கத்தினேன்.

அடி திடீர்னு நின்னுச்சு. தலையைத் தூக்கிப் பாத்தா ஆபீஸ் படியில இவ நிக்கிறா. அவளுக்குப் பின்னால அந்த ஏழு பொம்பளைகளும் நிக்கிறாளுக. மாலை கூடப் போடல. கட்டுப் போட்ட கையை நெஞ்சோட வச்சுக்கிட்டு, சத்தம் போடாமத்தான் பேசினா, ஆனா தெரு பூராம் கேட்டுச்சு.

"அவரைத் தூக்கிட்டுப் போய் என் வீட்டுல விடுங்க. என் கேட்டுக்கு உள்ள இருக்குற வரைக்கும் அவர் மேல ஒரு கை படக் கூடாது. கேட்டைத் தாண்டி வந்தா, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

எம்மேல அம்புட்டு உசுரு அவளுக்கு. கேட்டியில்ல, ஒரு கை படக் கூடாதுன்னுட்டா. அன்னையிலேருந்து இந்த நாற்காலிதான். வேளைக்குச் சோறு வந்துரும். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக வேண்டியதில்ல, டாக்டரை இங்கயே வரவழைச்சுட்டா. கேட்டு தொறந்துதான் கெடக்கும், அவ பூட்டவே மாட்டா. நான்தான் போறதில்ல. எதுக்குப் போகணும், எனக்கென்ன கொறை. மில்லுக்காரரு ஆளு ஒருத்தன் தெனம் அந்த டீக்கடையில உக்காந்திருக்கான், குவாரிக்காரரு ஆளு ஒருத்தன் இந்தப் பக்கம் பஞ்சர் கடையில உக்காந்திருக்கான். சும்மா உக்காந்திருக்காய்ங்க. அவய்ங்களுக்கும் வேற வேலை வேணுமில்ல.

ஆனா எனக்கு இன்னும் ஒரு விசயம்தான் வெளங்கல. அந்த எட்டு ஓட்டு எவன் போட்டது? உக்காந்து உக்காந்து இதைத்தான் யோசிக்கிறேன். மில்லுக்காரரு பக்கம் நாலு ஆம்பளை, குவாரிக்காரரு பக்கம் மூணு ஆம்பளை. ஒவ்வொருத்தனும் இந்தப் பக்கம் போறப்ப கேட்டு வழியாக் கூப்பிட்டுக் கேட்டுட்டேன். ஏழு பேரும், நான் மாத்திப் போடலைன்னு எத்தனை சூடம் வேணா அணைக்கிறேங்கிறாய்ங்க. எவனோ பொய் சொல்றான். கண்டுபிடிக்காம விட மாட்டேன். இவகிட்டயே கேட்டேன். சிரிக்கிறா. கல்யாணம் பண்ணி இம்புட்டு வருசத்துல அவ சிரிச்சு நான் அன்னைக்குத்தான் பாத்தேன். முன்பல்லு ஒண்ணு இல்ல அவளுக்கு, அது எப்பவோ போனது.

என்ன தாயி, நீயும் சிரிக்கிறியா? இல்ல? அழுகுறியா? ஏன், இந்தக் கை வண்டியில விழுந்து ஆனதில்லையா? வீட்டுக்காரனா? அட, இதுக்குப் போயா சேர்மனைப் பாக்க வந்த. கோவத்துல ஒரு கை ஓங்கியிருப்பான். நீ எதுத்துப் பேசியிருப்ப. இதையெல்லாம் வெளிய சொல்லிக்கிட்டு.

கேட்டுக்கு வெளிய பைக்கை நிறுத்திட்டு ஒருத்தன் நிக்கிறானே, அவன்தானா? பாத்தா மொரட்டுப் பயலாத்தான் தெரியுறான். உள்ள வரச் சொல்லு, நான் ரெண்டு வார்த்தை பேசினா ஒழுங்காயிருவான். வேணாமா? சரி, நானே போய்ப் பேசுவேன், கேட்டு வரைக்கும் போகலாம். அதுக்கு மேல கால் ஒத்துழைக்காது.

ஆ, ஜீப்பு வந்துருச்சு. அவதான். பாரு, எறங்கி நேரா அவன்கிட்டதான் போறா. என்னமோ கேக்குறா. ஒரு கையை இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கிறா. அந்தா, அவன் பைக்கைத் திருப்புறான். போறான், போறான். நான் இங்க உக்காந்திருக்கிறதைப் பாத்துட்டுத்தான் நகர்றான் தாயி. இன்னும் என் முகத்துக்கு அந்தப் பயம் இருக்கு.

போ, உள்ள போ. அந்தத் திரைக்குப் பின்னாடிதான் கூட்டிட்டுப் போவா. எல்லாரையும் அங்கதான் கூட்டிட்டுப் போவா. நேரம் ஆகும், பரவாயில்ல. ஆனா அவ எப்பவும் போல கேட்டைத் தொறந்து போட்டுட்டு வந்துட்டா பாரு. டீக்கடையில உக்காந்திருந்தவன் எந்திரிச்சு நின்னு இந்தப் பக்கமே பாக்குறான். தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும், உள்ள போறதுக்கு முன்னாடி அந்தக் கேட்டைச் சாத்திட்டுப் போ. கொண்டியை நல்லா இழுத்து மாட்டு. மாடு வந்துரும்.